கர்னாச்சா, தெம்ப்ரானியோ, மென்சியா: ஞாயிறு மதியத்துக்கு எதை எடுத்துப் போவது?

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஓர் அம்மா ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். நான் வாழும் ஸ்பெயின் நகரமான சரகோசாவில் யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் கையில் ஏதாவது இருக்க வேண்டும். இனிப்பை வேறொருவர் ஏற்றுக்கொண்டதால் ஒயின் என் பங்குக்கு வந்தது. என்ன சமையல் என்று கேட்டேன். முதலில் ஆக்டோபஸ், அதை ஸ்பெயினின் வடமேற்கு ஓரத்துக் கலீசியாவைச் சேர்ந்த அவருடைய மருமகன் செய்கிறார். அதன் பிறகு அம்மாவின் கைப்பக்குவத்தில் சிலிந்திரோன் கோழி. இடையில் கொறிக்க ஹாமோன் என்ற உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை, மான்செகோ சீஸ், ரொட்டி. "பழ வாசனை உள்ள சிவப்பாக ஒரு பாட்டில் போதும் மகளே. நாலு பேர்தானே, இரண்டு வேண்டாம்" என்றார்.

அந்த ஒரு பாட்டில் என்ற நிபந்தனைதான் என்னை ஒரு வாரம் யோசிக்க வைத்தது. இரண்டு என்றால் கடலுக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று என்று முடித்திருக்கலாம். மிளகாய்ப்பொடியும் கல்லுப்பும் தூவிய ஆக்டோபஸும், தக்காளியிலும் சிவப்புக் குடைமிளகாயிலும் வெந்த கோழியும் ஒரே ஒயினிடம் கேட்பது ஒன்றல்ல.

தெருமுனை ஒயின் கடையில் மூன்றைத் தேர்ந்தேன். மூன்றுக்கும் அவற்றின் திராட்சை வகையின் பெயர்தான். காம்போ தே போர்ஹாவிலிருந்து ஓர் இளம் கர்னாச்சா, 6 யூரோ. ரியோஹா அலவேசாவிலிருந்து கடைசி அறுவடையின் தெம்ப்ரானியோ, 5 யூரோ. பியெர்சோவிலிருந்து ஒரு மென்சியா, 10 யூரோவுக்குச் சில்லறை குறைவு. மூன்றிலும் ஓக் பீப்பாயின் வாடை இல்லை. ஒரு மாலைக்கு ஒரு பாட்டில் என்று திறந்தேன். கடையில் வேகவைத்து விற்கும் ஆக்டோபஸ் கொஞ்சம், நானே வைத்த சிலிந்திரோன் குழம்பு கொஞ்சம், நாலு சீவல் ஹாமோன் எல்லாம் பக்கத்தில் இருந்தன. கடைசி நாள் மூன்றையும் ஒன்றாக வைத்து மறுபடி ருசித்தேன்.

முடிவைச் சொல்வதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பழச்சுவையுள்ள ஒயின் என்றால் இனிப்பான ஒயின் என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்பெயினிலேயே கடையில் போய் 'அஃப்ருதாதோ' என்று கேட்டால், அதாவது பழத்தன்மையுள்ளது என்று கேட்டால், சில கடைக்காரர்கள் சர்க்கரை மிச்சமிருக்கும் ஒயினை எடுத்து நீட்டுவார்கள். நான் சொல்லும் மூன்று ஒயின்களிலும் சர்க்கரை நாக்குக்குத் தெரியாது. திராட்சையில் இருந்ததெல்லாம் நொதித்து ஆல்கஹாலாகிவிட்டது. இனிப்பு மூக்கில்தான் இருக்கிறது. ஸ்ட்ராபெரியும் ராஸ்பெரியும் மணக்கும்போது மனம் இனிப்பை எதிர்பார்க்கிறது, வாயில் படுவதோ புளிப்பும் துவர்ப்பும். அதனால் கடையில் 'ஹோவென்' என்று கேளுங்கள். இளமையானது என்று பொருள். கூடவே 'சீன் மதேரா' என்றால் மரப்பீப்பாய் வேண்டாம் என்பது புரிந்துவிடும்.

இன்னொன்று துவர்ப்பு. ஒயினைப் பற்றி எழுதும் ஐரோப்பியர்கள் டேனின் என்றால் என்ன என்று விளக்குவதற்குள் மூச்சு வாங்கிவிடுவார்கள். கொதிக்கவிட்டுக் கசந்த தேநீரை நினைத்துக்கொள் என்பார்கள். நமக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. ஆறு சுவைகளில் ஒன்றாகவே அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். நாவல்பழம் தின்றபின் நாக்கின் இரு ஓரமும் இழுத்துப் பிடிக்குமே, அதுதான் டேனின். சிவப்பு ஒயினை ருசிக்கப் பழகுகிறவர்களுக்கு நாவல்பழத்தைவிட நல்ல ஆசிரியர் கிடையாது என்றே சொல்வேன். ஊதா நிறம், பழ வாசனை, லேசான இனிப்பு, புளிப்பு, எல்லாம் முடிந்தபின் துவர்ப்பு என்று ஒரே பழத்தில் அத்தனையும் வரிசையாக வந்துபோகின்றன. ஒயினையும் அதே வரிசையில் கவனித்தால் போதும்.

திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டேனின் நம் உமிழ்நீரின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வழவழப்பு போய் வாய் வறண்டதுபோல் ஆவது அதனால்தான். கொழுப்பும் புரதமும் உள்ள உணவு வாயில் இருந்தால் டேனின் அதனோடு ஒட்டிக்கொண்டு நாக்கை விட்டுவிடும். உப்பும் துவர்ப்பைத் தணிக்கும். காரம் நேர்மாறு. மிளகாய் எரிச்சல் எந்த நரம்பு முனையைத் தொடுகிறதோ அதையே ஆல்கஹாலும் தொடுகிறது. இரண்டும் சேர்ந்தால் வாய் தீப்பிடிக்கும். உணவில் இனிப்பு இருந்தால் ஒயினின் பழம் மங்கி, புளிப்பும் துவர்ப்பும் தூக்கலாகத் தெரியும். பழ வாசனை மூன்று பாட்டிலிலும் இருக்கிறது. எது எந்த உணவோடு போகும் என்பதை முடிவு செய்வது துவர்ப்பும் புளிப்பும் ஆல்கஹாலும் எந்த அளவில் கூடியிருக்கின்றன என்பதுதான்.

முதலில் திறந்தது கர்னாச்சா. இது நான் வாழும் மண்ணின் திராட்சை. பிரான்சில் கிரெனாஷ் என்ற பெயரில் புகழ் பெற்றதும் இதுவே. பிறந்த இடம், சரகோசாவைத் தலைநகராகக் கொண்ட அரகோன் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். சார்டீனியத் தீவுக்காரர்கள் தங்களுடைய கன்னோனாவ்தான் மூத்தது என்று உரிமை கொண்டாடுகிறார்கள். சரகோசாவுக்கு மேற்கே, 2,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மொன்காயோ மலையின் அடிவாரத்தில் காம்போ தே போர்ஹா இருக்கிறது. 1980-இல் தனி ஒயின் பிரதேசமாக அங்கீகாரம் பெற்றது. கர்னாச்சாவின் பேரரசு என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் ஊர் அது. தோட்டங்களைப் பார்த்தவர்கள் அதை மிகை என்று சொல்லமாட்டார்கள். கம்பிப் பந்தல் இல்லாமல், முழங்கால் உயரத்தில் கிண்ணம்போல் விரிந்த கிழட்டுக் கொடிகள் செங்கல் நிற மண்ணில் தனித்தனியாக நிற்கும். வடமேற்கிலிருந்து எப்ரோ பள்ளத்தாக்கு வழியே அடிக்கும் சியெர்சோ என்ற குளிர்ந்த வறட்டுக் காற்று கொத்துகளை உலர்த்திப் பூஞ்சையை அண்டவிடாமல் வைத்திருக்கிறது. எங்கள் பால்கனித் துணிகளைக் கிளிப்போடு பிய்த்துக்கொண்டு போவதும் அதே காற்றுதான்.

ஒரு காலத்தில் கர்னாச்சாவுக்கு மதிப்பில்லை. நிறம் நிற்காது, சீக்கிரம் பழுப்பேறிவிடும், ஆல்கஹால் மட்டும் ஏறும் என்று குறை சொல்லி, மொத்தமாக விற்கும் ஒயினுக்கே பயன்படுத்தினார்கள். கொடிகளைப் பிடுங்கிவிட்டு வேறு பயிரிட்டவர்கள் ஏராளம். பிடுங்காமல் விட்டவர்களின் தோட்டம் இன்று சொத்து. வயதான கொடி குறைவாகக் காய்க்கும். காய்ப்பது செறிவாக இருக்கும். 6 யூரோவுக்கு இவ்வளவு பழைய கொடிகளின் ஒயினை உலகில் வேறெங்கும் எளிதாக வாங்க முடியும் என்று நான் நம்பவில்லை.

வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்தேன். விளிம்பில் மாதுளைச் சாற்றின் நிறம். ஒயினின் ஊடே தாளில் இருந்த எழுத்தைப் படிக்க முடிந்தது. கர்னாச்சாவின் தோல் மெல்லியது, அதனால் நிறமும் துவர்ப்பும் குறைவு. கிளாஸைச் சுற்றாமல் முதலில் ஒருமுறை முகர்ந்தேன், ஸ்ட்ராபெரி. சுற்றியபின் ஜாம் கிண்டும் பாத்திரத்திலிருந்து எழும் ஆவிபோல அது கனத்தது. அதற்கடியில் வெள்ளை மிளகு, மலையில் காய்ந்து கிடக்கும் தைம் செடியின் வாசனை. ஒரு மடக்கு வாயில் வைத்துக் கன்னத்து ஓரங்களுக்கு உருட்டினேன். நடு நாக்கில் பழம் அகலமாக விரிந்தது, புளிப்பு அடக்கமாக இருந்தது, துவர்ப்பு கடைசியில்தான் எட்டிப் பார்த்தது. விழுங்கியபின் தொண்டையில் ஒரு கதகதப்பு. லேபிளைப் பார்த்தேன், 14.5 சதவீதம். கர்னாச்சா தாமதமாகப் பழுக்கிறது, அதுவரை வெயிலைக் குடித்துச் சர்க்கரை சேர்க்கிறது. அந்தச் சர்க்கரைதான் இந்தக் கதகதப்பு.

இதைச் சிலிந்திரோன் குழம்போடு சேர்த்தபோது மற்ற எதையும் ருசித்துப் பார்க்கத் தேவையில்லை என்றே தோன்றியது. சிலிந்திரோன் என்பது அரகோனிலும் நவார்ராவிலும் வைக்கும் குழம்பு: வெங்காயம், பூண்டு, தக்காளி, சிவப்புக் குடைமிளகாய், பொடியாக நறுக்கிய ஹாமோன். அதில் கோழியோ ஆட்டுக்கறியோ வேகும். குடைமிளகாய் நெடுநேரம் வதங்கியபின் வரும் இனிப்புதான் அந்தக் குழம்பின் உயிர். புளிப்பும் துவர்ப்பும் மிகுந்த ஒயினை அந்த இனிப்பு மெலிந்த, கசந்த நீராகக் காட்டிவிடும். கர்னாச்சாவின் பழுத்த பழத்தன்மை அதற்கு ஈடுகொடுத்தது. குழம்பின் தக்காளியும் ஒயினின் ஸ்ட்ராபெரியும் ஒரே கூடையில் இருந்து வந்தவைபோல ஒட்டின. ஹாமோன் துண்டுகளின் உப்பு, இருந்த கொஞ்சம் துவர்ப்பையும் துடைத்துவிட்டது.

ஆக்டோபஸ் துண்டை வாயில் போட்டதும் கதை மாறியது. கலீசிய முறையில் அதன்மேல் இனிப்பு மிளகாய்ப்பொடியோடு கார மிளகாய்ப்பொடியும் தூவுவார்கள். அந்தச் சின்னக் காரத்திலேயே 14.5 சதவீதம் சூடாகத் திரும்பி வந்தது. ஆக்டோபஸின் மென்மையான கடல் இனிப்பு காணாமல் போய், ஜாம் தடவிய கடல் உணவுபோல் ஆகிவிட்டது. இரண்டாம் முறை ஒயினை இன்னும் குளிரவைத்துப் பார்த்தேன். கொஞ்சம் அடங்கியது, ஆனாலும் ஒட்டவில்லை.

அடுத்தது ரியோஹாவின் தெம்ப்ரானியோ. இந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கும் தூசி படிந்த பாட்டிலும் வெனிலா வாசனையும் நினைவுக்கு வரும். 1925 முதல் தன் பெயரைக் காத்துவரும் பிரதேசம். 1991-இல் நாட்டின் உயர்தகுதி நிலை முதலில் கிடைத்ததும் இதற்கே. அந்தப் புகழ் பெரும்பாலும் பீப்பாய் ஒயின்களால் வந்தது. கிரியான்சா என்றால் இரண்டு ஆண்டு காத்திருப்பு, அதில் ஓராண்டு பீப்பாயில். ரிசர்வா மூன்றாண்டு, கிரான் ரிசர்வா ஐந்தாண்டு. ஊரிலிருந்து வரும் நண்பர்கள், விலை கூடினால் எல்லாமே கூடும் என்று எண்ணிப் பழ வாசனை வேண்டுமென்றே கிரான் ரிசர்வாவை வாங்கி வந்து ஏமாந்திருக்கிறார்கள். ஐந்தாண்டில் ஸ்ட்ராபெரி உலர்ந்த அத்திப்பழமாகவும் பழைய தோல் பெட்டியாகவும் ஆகிவிடும். அது ஒரு பெரிய அழகுதான், ஆனால் அவர்கள் தேடியது அதுவல்ல. பழம் வேண்டுமானால் பாட்டிலின் பின்னால் ஒட்டியிருக்கும் ரியோஹா முத்திரையில் பச்சை நிறத்தைத் தேடுங்கள். கிரியான்சாவுக்குச் சிவப்பு, கிரான் ரிசர்வாவுக்கு நீலம்.

ரியோஹாவின் ஒரு பகுதியான அலவேசாவில், லகுவார்தியாவைச் சுற்றியுள்ள ஊர்களில், விவசாயிகள் தங்கள் வீட்டுக்கென்று வைத்த ஒயின் வேறு வகை. கொத்தைக் காம்போடு முழுசாகத் தொட்டியில் கொட்டிவிடுவார்கள். அடியில் நசுங்கியது நொதித்துக் கரியமில வாயுவை நிரப்ப, மேலே உள்ள பழங்கள் உடையாமலே தங்களுக்குள் நொதிக்கத் தொடங்கும். தோலும் விதையும் அதிகம் கசக்கப்படாததால் துவர்ப்பு குறைவு, வாசனை கொட்டிக்கிடக்கும். அறுவடை முடிந்து குளிர்காலம் தாண்டுவதற்குள் குடிக்கத் தயார். அடுத்த அறுவடைக்குள் குடித்துவிடுவது நல்லது. நான் வாங்கியது அத்தகைய ஒன்று. ஊதாவில் விளிம்பு மின்னியது. ஸ்ட்ராபெரி மிட்டாய், வாழைப்பழம், கொஞ்சம் அதிமதுரம். வாயில் குறும்பும் துள்ளலுமாக வந்து, வந்த வேகத்திலேயே போய்விட்டது.

ஹாமோனோடும் ரொட்டியோடும் மூன்றிலும் சிறந்தது இதுவே. லொக்ரோன்யோ நகரத்தின் லவுரெல் தெருவில் நின்றபடி, பூண்டு எண்ணெயில் வாட்டிய காளானை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உச்சியில் ஒரு குட்டி இறாலைக் குத்தித் தருவார்கள். அதைக் கடிக்கும்போது கையில் இருக்க வேண்டியது இந்த ஒயின்தான். உருளைக்கிழங்கு ஆம்லெட்டோடும், சொரீசோ என்ற பன்றித் தொத்திறைச்சி போட்ட உருளைக்கிழங்குக் குழம்போடும் நன்றாகப் போகும். ஆனால் உட்கார்ந்து மூன்று மணி நேரம் சாப்பிடும் மேசைக்கு அதனிடம் எடை இல்லை. சிலிந்திரோனுக்கு முன்னால் அது தண்ணீராகிவிட்டது. ஆக்டோபஸோடு குறைசொல்ல முடியாமல் இருந்தது. அவ்வளவுதான். இதை என் பட்டியலிலிருந்து முதலில் எடுத்துவிட்டேன்.

மென்சியாவை முதன்முதலில் குடித்தது சில ஆண்டுகளுக்கு முன், மெலிதே என்ற கலீசியச் சிற்றூரில். சந்தியாகோவுக்கு நடக்கும் யாத்திரைப் பாதையில் இருக்கும் ஊர், ஆக்டோபஸ் கடைகளுக்குப் பெயர் போனது. வாசலிலேயே செம்புக் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. சமைக்கிற பெண்மணி ஆக்டோபஸைத் தலையைப் பிடித்துக் கொதிநீரில் மூன்று முறை முக்கி முக்கி எடுத்தபின்தான் உள்ளே விட்டார். அப்போதுதான் தோல் உரியாமல் வேகும் என்றார். வெந்ததைக் கத்தரிக்கோலால் காசுகளாக நறுக்கி, மரத்தட்டில் பரப்பி, கல்லுப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, ஆலிவ் எண்ணெயை வட்டமாக ஊற்றினார். மரம் எண்ணெயை உறிஞ்சி ஓரத்தில் செம்மை படர்ந்தது. ஒயின் வந்தது வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில், குன்கா என்பார்கள். தண்ணீர் கேட்டேன். ஆக்டோபஸோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, வயிற்றில் போய்க் கல்லாகிவிடும் என்று பக்கத்து மேசைப் பெரியவர் அக்கறையோடு தடுத்தார். கிண்ணத்தில் இருந்தது சில் நதிக் கரையின் செங்குத்துப் படிவயல்களில் விளையும் ரிபெய்ரா சாக்ரா மென்சியா. கடல் உணவுக்கு வெள்ளை ஒயின்தான் என்ற பாடத்தை அன்று மறந்தேன்.

பியெர்சோ அதற்குக் கிழக்கே, லியோன் மாகாணத்தின் மேற்கு மூலையில், மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம். ரோமானியர்கள் தங்கம் தோண்டிய லாஸ் மெதுலாஸ் அங்கேதான். 1989-இல் ஒயின் பிரதேசமானது. பத்தாண்டு கழித்து, 1999-இல், பிரியோராத் என்ற ஒயின் பிரதேசத்தில் பெயர் வாங்கியிருந்த ஒயின் தயாரிப்பாளர் ஆல்வாரோ பலாசியோஸ் தன் சகோதரியின் மகன் ரிக்கார்தோவோடு கொருயோன் கிராமத்துப் பலகைக்கல் சரிவுகளுக்கு வந்தபிறகுதான் வெளியுலகம் மென்சியாவைத் திரும்பிப் பார்த்தது. இதைப் பிரான்சின் கபெர்னே ஃப்ராங்கோடு உறவுபடுத்தி நெடுநாள் பேசினார்கள். மரபணுச் சோதனை அதைத் தள்ளிவிட்டது. போர்ச்சுக்கலில் ஜயேன் என்று வழங்குவதும் இதுவும் ஒன்று என்று காட்டியது. அட்லாண்டிக் கடலின் ஈரம் மலைதாண்டி வந்து வெயிலைத் தணிப்பதால் பழம் கொதிப்பேறாமல் பழுக்கிறது.

என் சமையலறையில் திறந்த பாட்டில் 13 சதவீதம். நிறம் கர்னாச்சாவைவிட அடர்த்தி, நாவல்பழச் சாறுபோல. ராஸ்பெரியும் புளிப்புச் செர்ரியும் முன்னால் வந்தன, அவற்றின் பின்னால் வயலட் பூ, கசக்கிய பச்சிலை, மழை நனைத்த கல். வாயில் புளிப்பு நிமிர்ந்து நின்றது. துவர்ப்பு இருந்தது, ஆனால் மெல்லிய வண்டல்மண்போல. அது நாக்கைப் பிடித்து இழுக்கவில்லை. ஆக்டோபஸோடு சேர்த்தேன். கல்லுப்பு துவர்ப்பை அடக்கியது, புளிப்பு எண்ணெயை வெட்டியது, புகையூட்டிய மிளகாய்ப்பொடி ஒயினின் பச்சிலை வாசனையோடு கைகோர்த்தது. ஆல்கஹால் குறைவானதால் காரம் எங்கேயும் எரியவில்லை. மெலிதேயில் நடந்தது தற்செயல் இல்லை என்று தெரிந்துகொண்டேன். மத்தி, கானாங்கெளுத்திபோல் எண்ணெய்ப் பசையுள்ள மீனோடு சிவப்பு ஒயின் சேர்ந்தால் நாக்கில் இரும்பு வாடை அடிக்கும். ஆக்டோபஸில் அந்தக் கொழுப்பு இல்லாததும் இங்கே உதவுகிறது.

சிலிந்திரோனோடு? கர்னாச்சா செய்த மாயத்தை மென்சியா செய்யவில்லை. குழம்பின் இனிப்பு அதன் புளிப்பைக் கொஞ்சம் கூர்மையாக்கியது. ஆனால் முதல் கடிக்குப் பின் அதே கூர்மை கோழிக் கொழுப்பைக் கழுவி, அடுத்த கடிக்கு வாயைத் தயாராக்கியது. ரொட்டியால் குழம்பைத் துடைத்துத் தின்று ஒரு மடக்கு குடித்தபோது நிறைவாகவே இருந்தது. பியெர்சோக்காரர்கள் போத்தியோவோடு இதைக் குடிப்பது ஏன் என்று புரிந்தது. பன்றி விலா எலும்பும் வாலும் மிளகாய்ப்பொடி, பூண்டோடு குடலில் திணித்துப் புகையூட்டி, முட்டைக்கோஸோடு வேகவைக்கும் பண்டம் அது. அவ்வளவு கொழுப்பை வெட்டும் ஒயினுக்குக் கோழி ஒரு பாரமில்லை.

நான்காவதாக, தென்கிழக்கு ஸ்பெயினின் ஹுமியாவில் விளையும் மொனஸ்திரெல் திராட்சையின் ஒயினையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அலமாரியிலேயே வைத்தேன். தடித்த தோல், கறுப்புப் பழங்கள், வெயில் ஏறிய உடம்பு. முயல்கறியும் தட்டை ரொட்டியும் சேர்ந்து வேகும் அந்த ஊர்க் குழம்புக்கும், கரியில் வாட்டிய ஆட்டு விலாவுக்கும் அது ராஜா. ஆக்டோபஸ் இருக்கும் மேசைக்கு அது வேண்டாம்.

எதை வாங்கினாலும் வெப்பநிலையைக் கவனிக்காவிட்டால் இந்த ஒப்பீடு முழுக்க வீண். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது குளிர்ந்த கல்வீடுகளின் காலத்துப் பேச்சு. ஒரு ஆகஸ்ட் மாதம் இந்த நகரத்து உணவகம் ஒன்றில், சமையலறைக்கு அருகே அடுக்கியிருந்த கர்னாச்சாவை அப்படியே கொண்டுவந்து ஊற்றினார்கள். வெளியே 38 டிகிரி. ஒயினில் பழம் இல்லை, சாராய நெடி மட்டும். பனிக்கட்டி வாளி கேட்டேன். சிவப்புக்கா என்று பணியாளர் தயங்கினார், பிறகு கொண்டுவந்தார். பத்து நிமிடத்தில் அதே பாட்டிலில் ஸ்ட்ராபெரி திரும்பி வந்தது. கர்னாச்சாவுக்கும் மென்சியாவுக்கும் 14, 15 டிகிரி, அலவேசா ஒயினுக்கு அதிலும் ஒன்றிரண்டு குறைவு. வீட்டில் என்றால் மேசைக்கு வைப்பதற்கு அரைமணி நேரம் முன் ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெயில் காலத்தில் முக்கால் மணி.

நம் வீட்டுக் காரச் சமையலோடு எது போகும் என்று தமிழ் நண்பர்கள் கேட்பதுண்டு. மிளகு தூக்கலான கோழி வறுவலோடு மூன்றையும் வைத்துப் பார்த்திருக்கிறேன். நன்றாகக் குளிர்ந்த அலவேசா ஒயின் முதலிடம், மென்சியா இரண்டாமிடம். மிளகாய் ஏறிய குழம்போடு கர்னாச்சா வேண்டவே வேண்டாம். வினிகரில் ஊறிய நெத்திலி, கூனைப்பூ, தண்ணீர்விட்டான் தண்டு ஆகியவற்றுக்கு முன்னால் இந்த மூன்றில் எதையும் திறக்காதீர்கள். ஒயினும் கெடும், உணவும் கெடும்.

மீந்த ஒயினையும் கணக்கில் எடுத்தேன். மறுநாள் மாலை கர்னாச்சாவில் பழம் சோர்ந்து பழுப்பு எட்டிப் பார்த்தது. அது காற்றுக்கு ஆகாத திராட்சை. அலவேசா ஒயின் மிட்டாய் வாசனையை இழந்து வெறுமையாக நின்றது. மென்சியா முதல் நாளைவிட மறுநாள் திறந்து பேசியது. திறந்த பாட்டிலை இரண்டு நாள் வைத்துக் குடிக்கும் தனியாளுக்கு அந்த 4 யூரோ வித்தியாசம் இதிலேயே ஈடாகிவிடும்.

ஆக, மேசையில் சிலிந்திரோன் மட்டும் இருந்தால், அல்லது அடுப்பில் வாட்டிய அரகோன் இளங்குட்டி ஆட்டுக்கறி இருந்தால், இரண்டாவது யோசனை இல்லாமல் கர்னாச்சாவை எடுத்திருப்பேன். விலையும் அதற்கே சாதகம். கூட்டமாக நின்று கொறிக்கும் மாலை என்றால் பச்சை முத்திரை ரியோஹா இரண்டு பாட்டில். ஆனால் இது ஆக்டோபஸில் தொடங்கிக் கோழியில் முடியும் ஒரே பாட்டில் மேசை. அங்கே ஓர் உணவோடு உச்சத்துக்குப் போய் இன்னொன்றைக் கெடுக்கும் ஒயினைவிட, எந்த இடத்திலும் முகம் சுளிக்க வைக்காத ஒயின் வேண்டும். அரகோன்காரியின் வீட்டுக்கு லியோன் ஒயினைக் கொண்டுபோகிறோமே என்ற தயக்கம் இருந்தது. இருந்தும் மென்சியாவைத்தான் அரைமணி நேரம் குளிரவைத்து, ஈரத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன்.

மருமகன் லேபிளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். ஆக்டோபஸ் மரத்தட்டு காலியாகும்போது பாட்டிலில் முக்கால் போயிருந்தது. நாலு பேருக்கு அளந்து வைத்த என் கணக்கு அங்கே உடைந்தது. அம்மா கோழிச் சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நல்ல ஒயின் மகளே. என் கோழிக்கு இது போதாது" என்று சொல்லி உள்ளே போய், லேபிள் இல்லாத ஒரு பாட்டிலோடு திரும்பினார். அண்ணன் ஊரான ஃபுவெந்தெஹலோனின் கூட்டுறவுக் கிடங்கிலிருந்து கேனில் வாங்கி வந்த கர்னாச்சா. குழம்பில் ஒரு கிளாஸ் ஊற்றியது போக மீதி. மென்சியா குடித்த அதே கிளாஸ்களில் ஊற்றினார். ரொட்டியைப் பிய்த்துச் சட்டியின் ஓரத்தைத் துடைத்து என் தட்டில் வைத்தார். ஒரு வாரமாக நான் வைத்த குழம்பைவிட அவருடையதில் குடைமிளகாய் இரண்டு மடங்கு வதங்கியிருந்தது.